பிஞ்சு

வெள்ளியை என்னிடம் தரவில்லை.
பதினான்கு கரண்டி, ஒரு உப்புக்கிண்ணம், காது உடைந்த கோப்பை,
எல்லாம் காவலோடு தாலினுக்குப் போய்விட்டன.
எனக்கு வந்தது
மரச்சாடிக்குள் இடுக்கில் திணித்திருந்த குப்பை:
இரண்டு ஐஸ்கிரீம் டப்பா நிறைய, கன்னங்கரேலென்று.
"நாறுகிறது விர்வே, வேண்டாமென்றால் கொட்டிவிடு"
என்று உர்மாஸ் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
எனக்குச் சளி. நாற்றம் தெரியவில்லை.

சாரெமா தீவில் அந்தச் சதுப்புக்கு
இங்கெலின் பள்ளம் என்று பெயர்.
நானும் அதில் கல்லெறிந்து வளர்ந்தவள்தான்.
"திருடி, திருடி, கரண்டியைக் கொடு!"
கல் மூழ்கும்போது குமிழி வந்தால்
அவள் பதில் சொல்கிறாள் என்று அர்த்தம்.

வழக்கு ஜெர்மனில் ஒன்றரைப் பக்கம்.
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டு.
ஈஸ்டர் விருந்தில் வெள்ளி மேசைமேல் இருந்தது,
விருந்தினர் பதினொரு பேர் கையொப்பம்.
மறுநாள் இல்லை.
பாத்திரம் துலக்கியவள் இங்கெல், வயது பத்தொன்பது.
இரவில் சதுப்புப் பக்கம் போனாள், கண்ணால் கண்டேன்
என்றார் மாளிகையின் கணக்கர் ஹோல்ட்ஸ்.
எங்கே புதைத்தாய் என்று மூன்று நாள் கேட்டார்கள்.
எப்படிக் கேட்டார்கள் என்று எழுதவில்லை.
யூரி திருநாளுக்கு முந்தின நாள் தூக்கு.
கயிற்றுக்கு ஆன செலவு மட்டும்
காசு விடாமல் பதிவாகியிருக்கிறது.

கால் மில்லிமீட்டர் சல்லடை, மெல்லிய தண்ணீர்.
பாசி. ரை வைக்கோல். ஒரு வண்டின் பச்சை இறக்கை,
இன்னும் மினுங்கிக்கொண்டு.
அப்புறம் விரல்நீள ஹேசல் கிளை ஒன்று.
முறித்த இடத்தில் தோல் நாராகக் கிழிந்திருந்தது.
காய்ந்த கிளை பட்டென்று ஒடியும்.
பச்சைக்கிளைதான் இப்படி
விடமாட்டேன் என்று இழுபடும்.
நுனியில் நான்கு காய்.
காய் என்று சொல்வதே தப்பு.
ஓடு இறுகவில்லை, உள்ளே பருப்பு வைக்கவில்லை,
பஞ்சு போல வெள்ளையாக ஏதோ, அவ்வளவுதான்.
பிஞ்சு.

எங்கள் தீவில் ஹேசல்
மே தொடக்கத்தில் எலிக்காது அளவு இலை விடும்.
பிஞ்சு பிடித்து இந்த அளவுக்கு வர
ஜூலை ஆக வேண்டும்.
பழைய பஞ்சாங்கம் என்று பதினோரு நாள் கூட்டினேன்.
குளிர் குறைந்த வருஷமாக இருக்கலாம் என்று
இன்னும் இரண்டு வாரம் தள்ளுபடி செய்தேன்.
மூன்று முறை கணக்குப் போட்டேன்.
மூன்று முறையும் தூக்குமரம்தான் முந்தியது.

"கூட்டாளி இருந்திருப்பான்," என்றான் உர்மாஸ்,
"வேறெங்கோ இருந்ததை எடுத்து வந்து
பின்னால் இங்கே புதைத்திருப்பான்."
இருக்கலாம்.
பிஞ்சு ஆள் பெயர் சொல்லாது.
ஹோல்ட்ஸ் பெயரையும் சொல்லாது,
அடுத்த வருஷமே அவர் கடன் தீர்த்து
ரீகாவில் வீடு வாங்கியது வேறு ஏட்டில் இருக்கிறது.
இது சொல்வதெல்லாம்,
யாரோ அவசரமாகச் சாடியை மூடியபோது
கை நீட்டினால் எட்டும் தூரத்தில்
கோடை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று நாளைத்தான் நினைக்கிறேன்.
எங்கே, எங்கே என்று கேட்கக் கேட்க
அவளிடம் சொல்ல
ஓர் இடம்கூட இல்லாமல் இருந்ததை.

நான்கையும் சாராயக் குப்பியில் போட்டேன்.
அறிக்கையில் "மதிப்பு" என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நேற்று அந்த வழியாக வந்தேன்.
பள்ளிப் பேருந்து பழுதாகி நின்றிருந்தது,
பிள்ளைகள் இறங்கிக் கல் பொறுக்கினார்கள்.
காரை ஓரம் கட்டினேன்.
என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது,
கதவில் கை வைத்தபடி யோசிப்பதற்குள்
முதல் கல் விழுந்துவிட்டது.
குமிழி வந்தது.